ஆபீஸ்ல ஆளோட குணத்த எடை போடும்போது பண்ற தப்புகள்

"அவனுக்கு ஆட்டிட்யூட் ப்ராப்ளம் சார்"னு சொல்றது ரொம்ப ஈஸி. ஒரு மீட்டிங்ல சிடுசிடுன்னு பேசிட்டா போதும், அப்ரைசல் வரைக்கும் சிடுமூஞ்சிங்கற பேரு கூடவே வரும். தொடர்ந்து நைட் ஷிப்ட் பார்த்துட்டு காலைல கிளையன்ட் கால்லயும் உக்காந்தா எவனா இருந்தாலும் சிடுசிடுப்பான்தானே? இப்படி சூழ்நிலைய விட்டுட்டு பழிய முழுசா ஆளோட குணத்துமேல போடுறதுக்கு உளவியலாளர் லீ ராஸ் 1977லயே "ஃபண்டமென்டல் அட்ரிப்யூஷன் எரர்"னு தனியா ஒரு பேரு வச்சுட்டாரு. மத்தவங்க லேட்டா வந்தா சோம்பேறி, நாம லேட்டுன்னா டிராபிக், அதே கதைதான்.

அடுத்தது இந்த எம்பிடிஐ, அதாவது மையர்ஸ்-பிரிக்ஸ்ங்கற பெர்சனாலிட்டி டெஸ்ட். மொத்த மனுஷங்களையும் 16 வகைக்குள்ள அடைக்கிறது. டீம் அவுட்டிங்ல ஜாலியா போட்டுப் பாருங்க, தப்பில்ல. ஆனா அத வச்சு ஆள் எடுக்காதீங்க, அந்த டெஸ்ட நடத்துறவங்களே ஆள் எடுக்க இது கூடாதுன்னுதான் சொல்றாங்க. நம்மள்ல நிறைய பேரு கலகலப்புக்கும் அமைதிக்கும் நடுவுலதான் இருக்கோம், நடுவுல கோடு போட்டா கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப டெஸ்ட் எழுதுனா அதே ஆளு கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருவாரு.

இன்டர்வியூல "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்"னு நம்பி எடுக்கறதும் அப்படித்தான். பேரிக், மவுன்ட்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1991ல பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தப்போ, கலகலன்னு பேசற குணம் சேல்ஸ், மேனேஜர் வேலைக்கு உதவுதுன்னு தெரிஞ்சுது, ஆனா அவங்க பார்த்த எல்லா வகை வேலைக்கும் உதவுன குணம் ஒழுங்கும் பொறுப்பும்தான், அதுவும் ஓரளவுக்குத்தான். டெஸ்டிங்குக்கும் அக்கவுன்ட்ஸுக்கும் மேடைப் பேச்சாளர் எதுக்குங்க?

பெரிய தப்புன்னு நான் நினைக்கறது, அந்தப் பொறுப்பான ஆள் கிடைச்சப்புறம் பண்றது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ரிலீஸ் செக்லிஸ்ட் யார் தலைல விழும்? "உங்ககிட்ட குடுத்தா எனக்கு நிம்மதிம்மா"ன்னு லீட் சொல்லுவாரு, அவங்களும் "சரிங்க சார்"னு பேக்க கீழ வச்சுட்டு திரும்ப லாகின் பண்ணுவாங்க, இழுத்தடிக்கற ஆளு அந்நேரம் பைக்க எடுத்திருப்பாரு. பொறுப்பும் இருந்து முகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்லவும் வராதவங்க புலம்ப மாட்டாங்க, நேரா பேப்பர் போட்டுருவாங்க. அப்போ "நல்லாத்தானே சிரிச்சுட்டு இருந்தாங்க"ன்னு ஆச்சரியப்பட்டு என்ன பிரயோஜனம்.

இவங்ககிட்ட "எல்லாம் ஓகேவா?"ன்னு கேக்காதீங்க, ஓகேன்னுதான் சொல்லுவாங்க. கைல இருக்கற வேலைய லிஸ்ட் போடச் சொல்லி, "இதுல எத யாருக்கு மாத்தி விடட்டும்?"னு கேளுங்க, கேட்ட அன்னைக்கே மாத்தியும் விட்டுருங்க.