வெந்நீர் ஊற்று ஆக்டோபஸ் பற்றிப் பேசும்போது சறுக்குகிற இடங்கள்

ஆழ்கடல் ஆக்டோபஸ் பற்றிய பதிவுகளில் படம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கரும்புகை கக்கும் கல்தூண், அதைக் கட்டிப்பிடித்தபடி சிவப்பாக ஓர் ஆக்டோபஸ். கீழே “350 டிகிரி கொதிநீரில் வாழும் உயிர்” என்று ஒரு வரி. உண்மையில் அப்படிக் கட்டிப்பிடித்தால் அது சில நொடிகளில் வெந்துவிடும்.

350 டிகிரி என்ற எண்ணில் தவறில்லை, அது எந்த இடத்துக்கு உரியது என்பதில்தான் குழப்பம். கடலடிப் பாறையின் விரிசல்களில் இறங்கும் நீர், கீழே உள்ள பாறைக்குழம்பின் சூட்டில் காய்ந்து, உலோகங்களையும் ஹைட்ரஜன் சல்பைடையும் கரைத்துக்கொண்டு மேலே பீறிடுகிறது. இதுதான் வெந்நீர் ஊற்று. நீர் வெளிவரும் கல்தூணான புகைபோக்கியின் வாயில்தான் அவ்வளவு சூடு. மேலே அழுத்தும் நீரின் பாரத்தால் அது கொதிக்காமல் திரவமாகவே வெளிவருகிறது. சுற்றியுள்ள கடல்நீரோ சுமார் 2 டிகிரி. இரண்டும் கலக்கும் இடத்தில் தாதுக்கள் துகளாகப் படிவதைத்தான் நாம் புகை என்கிறோம். வாயை விட்டுச் சற்றே தள்ளிப்போனாலும் வெப்பம் மளமளவென்று விழுந்துவிடும். ஆக்டோபஸ் இருப்பது அந்த ஓரத்தில், குழாய்ப்புழுக் கூட்டங்களுக்கும் மட்டிகளுக்கும் நடுவே. ஆகவே “வெந்நீரில் வாழ்கிறது” என்று எழுதாமல் “வெந்நீர் ஊற்றின் அருகில் வாழ்கிறது” என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல்லில் பாதித் தவறு சரியாகிவிடும்.

சரி, அங்கே இருப்பது எந்த ஆக்டோபஸ்? பலர் ஆழ்கடல் இனங்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவிடுகிறார்கள். ஊற்றுகளுக்கே உரிய இனமாக அறியப்பட்டது வல்கனோக்டோபஸ் ஹைட்ரோதெர்மாலிஸ். கிழக்குப் பசிபிக் மேடு என்ற கடலடி மலைத்தொடரில், ஏறத்தாழ 2,600 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. 1998-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். கைகளையும் சேர்த்தே ஒரு சாண் நீளத்தைத் தாண்டாத, வெளிறிய, பாதி ஒளி ஊடுருவும் உடம்பு. படங்களில் வருகிற சிவப்பு அரக்கனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முதலில் கிடைத்தவை எல்லாம் ஆண்கள். பெண்ணைப் பற்றிய விவரிப்பு 2008-ல்தான் வந்தது. பத்து ஆண்டுகள் ஓர் இனத்தின் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு பேசினோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த இனத்துக்கு மைப்பை கிடையாது. உடனே “ஊற்றில் வாழ்வதற்கான தகவமைப்பு” என்று எழுதிவிடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் எழுதினேன். ஆனால் இதற்கு நெருங்கிய உறவான மியூசோக்டோபஸ் வகைகளுக்கும் மைப்பை இல்லை. அவற்றில் பல, ஊற்றுப் பக்கமே போகாமல் குளிர்ந்த கடலடியில் வாழ்பவை. வெளிச்சமே இல்லாத இடத்தில் மையைப் பீய்ச்சி யார் கண்ணை மறைப்பது? ஆழ்கடல் மூதாதையரிடமிருந்து வந்த குணத்தை ஊற்றின் கணக்கில் எழுதக் கூடாது. ஓர் உறுப்பைக் காட்டி “இது ஊற்றுக்காக” என்று சொல்லும் முன், ஊற்று இல்லாத இடத்தில் வாழும் உறவினருக்கு அது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அழுத்தத்தைத் தாங்கும் திறனும் இப்படித்தான். 2,600 மீட்டரில் கிட்டத்தட்ட 260 மடங்கு வளிமண்டல அழுத்தம். அதை எல்லா ஆழ்கடல் ஆக்டோபஸ்களும் தாங்குகின்றன. நசுங்குவதற்கு உடலுக்குள் காற்றுப்பை எதுவும் இல்லை.

உணவு விஷயத்தில் வரும் பிழை கொஞ்சம் நுணுக்கமானது. ஊற்றில் சூரியஒளி இல்லை, பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஆற்றல் எடுத்து உணவு செய்கின்றன, ஆகவே ஆக்டோபஸும் அப்படியே வாழ்கிறது என்று தாவிவிடுகிறார்கள். பாக்டீரியாவை உடம்புக்குள் வைத்துப் பிழைப்பது ரிஃப்டியா குழாய்ப்புழு. அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. ஆக்டோபஸோ சுத்தமான வேட்டைக்காரன். ஊற்றின் மேல் மேகம்போலத் திரளும் ஆம்பிபாட் என்ற சின்னஞ்சிறு ஓட்டுடலிகளை அது தின்கிறது. முன்கைகளால் துழாவித் துழாவித் தேடுகிறது, பின்கைகளால் உடம்பைத் தாங்கி நகர்கிறது. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதுபோல. ஆக, பாக்டீரியா செய்யும் உணவு அதற்கு எட்டுவது சில கைகள் மாறிய பிறகுதான்.

அடுத்தது, அதிகம் பகிரப்படும் தவறு: வெதுவெதுப்பான நீரில் ஆக்டோபஸ் கூட்டமா, அப்படியானால் வெந்நீர் ஊற்று ஆக்டோபஸ்தான் என்பது. கலிஃபோர்னியாவுக்கு அப்பால் டேவிட்சன் கடல்மலையின் அடிவாரத்தில், 3,200 மீட்டர் ஆழத்தில், 2018-ல் கண்டுபிடிக்கப்பட்ட ‘ஆக்டோபஸ் தோட்டம்’ அப்படிப்பட்ட இடம். அங்கே புகைபோக்கியும் இல்லை, குழாய்ப்புழுக்களும் இல்லை. பாறை இடுக்குகளில் அதிகம் போனால் 11 டிகிரி வரையுள்ள தெளிந்த நீர் கசிகிறது, அவ்வளவுதான். சுற்றுக்கடல் 1.6 டிகிரி. அந்தச் சின்ன வித்தியாசத்துக்காக ஆயிரக்கணக்கான மியூசோக்டோபஸ் ரோபஸ்டஸ் தாய்கள் வந்து முட்டையிடுகின்றன. எண்ணியதே 6,000-ஐ நெருங்குகிறது, மொத்தம் 20,000 இருக்கலாம் என்பது மதிப்பீடு. 1.6 டிகிரியில் முட்டை பொரிய 5 முதல் 8 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கு. அங்கே இரண்டு ஆண்டுக்குள் பொரிந்துவிடுகிறது. அடைகாக்கும் தாய் சாப்பிடுவதில்லை, குஞ்சு பொரிந்ததும் இறந்துவிடுகிறது. எனவே காலம் குறைவது அதற்குச் சின்ன விஷயம் அல்ல.

இங்கே இன்னொரு எண்ணும் வந்து கலந்துவிடும்: 53 மாதம். அது மான்டரே ஆழ்பள்ளத்தில், சுமார் 1,400 மீட்டரில், 3 டிகிரி குளிரில் அடைகாத்த கிரானெலெடோன் என்ற வேறு வகையின் ஒரே ஒரு தாயின் கதை. அதை ஊற்று ஆக்டோபஸின் அடைகாலம் என்று எழுதுவது, ஒருவருடைய ஜாதகத்தை இன்னொருவருக்குப் படிப்பது.

தவறுவது நாம் மட்டும் அல்ல, ஆய்வாளர்களுக்கும் இது நடந்திருக்கிறது. கோஸ்டா ரிக்காவுக்கு அப்பால் டொராடோ பாறைத்திட்டில், 3,000 மீட்டர் ஆழத்தில், தாய்கள் வெதுநீர்க் கசிவுகளின் மேல் அடைகாப்பதைப் படக்கருவிகள் காட்டின. நீரில் ஆக்சிஜன் குறைவு, பார்த்த முட்டைகள் எதிலும் கரு வளர்வதாகத் தெரியவில்லை. அந்த இடத்தில் குஞ்சு பிழைக்காது என்ற முடிவோடு 2018-ல் கட்டுரை வந்தது. 2023 ஜூனில் ஃபால்கர் (டூ) என்ற ஆய்வுக் கப்பல் திரும்பவும் அங்கே போனது. இயந்திரக் கருவியின் விளக்கொளியில், குட்டி ஆக்டோபஸ்கள் முட்டையை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தன.