திருக்கை முள் குத்தினால் முதலில் சுடுதண்ணீர்

குமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் கரைமடியில் (கரையிலிருந்து இழுக்கும் வலையில்) நீலப்புள்ளித் திருக்கை மாதிரி சின்னத் திருக்கைகளும் ஏறும். தட்டு போன்ற உடம்பு சிறிது என்று அசட்டையாகக் கையை வைக்காதீர்கள். வால்மேல் இருக்கும் முள்ளின் இரு ஓரமும் பின்னோக்கிய அரம்பப் பல். அதன்மேல் மூடிய மெல்லிய தோலில்தான் விஷம். செத்த மீனின் முள்ளும் குத்தும், கடுக்கும்.

குத்தியதும் கடல் தண்ணீரில் கழுவி, ரத்தம் கொட்டினால் துணியை வைத்து அழுத்துங்கள். பிறகு சுடுதண்ணீர். கொதித்த தண்ணீர் ஒரு செம்பு, பச்சைத் தண்ணீர் மூன்று செம்பு கலந்தால் ஏறக்குறைய 45 டிகிரி வரும். குத்துப்பட்ட காலுக்கு சூடு சரியாக உறைக்காது. அதனால் குத்துப்படாத கையை முதலில் விட்டுப் பாருங்கள், பொறுக்கும் சூடுதானா என்று. 30 முதல் 90 நிமிடம் காலை முக்கி வைக்க வேண்டும். ஆறினால் காலை வெளியே எடுத்துவிட்டுத்தான் சுடுதண்ணீர் சேர்க்கணும். இந்த விஷம் புரதம், சூட்டில் சிதையும்; வலி இறங்குவது அதனால் என்று சொல்கிறார்கள். ஐஸ் வைத்தால் இந்தப் பலன் கிடைக்காது.

கயிறு இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். நெஞ்சு, வயிறு, கழுத்தில் முள் நின்றால் பிடுங்கவே கூடாது, ரத்தம் பீறிடும். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வலி போனாலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையிலோ அருகில் உள்ள வேறு மருத்துவமனையிலோ காட்டி, டெட்டனஸ் தடுப்பு ஊசி போடுங்கள். உள்ளே ஒடிந்த துண்டு இருந்தால் சீழ் வைக்கும்.

ஆழமில்லாத மணலில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நடங்கள். அதிர்வு தெரிந்ததும் திருக்கை விலகிவிடும்.