எஸ்பிஎம்12: குழு முடிவில் மூளையின் அடிப்பகுதி காணாமல் போனால்

மூளை ஸ்கேன்களை அலசும் எஸ்பிஎம்12 மென்பொருளில், பலரின் ஸ்கேனைச் சேர்த்துச் செய்த குழு ஆய்வின் படத்தில் கண்குழிக்கு மேலுள்ள பகுதியும் டெம்போரல் லோபின் (மூளையின் பக்கவாட்டு மடல்) முனையும் ஓட்டையாக வந்தன. காற்றறைகளுக்குப் பக்கத்தில் எஃப்எம்ஆர்ஐ (மூளையின் செயல்பாட்டைக் காட்டும் ஸ்கேன்) சிக்னல் மங்கும். முதல்நிலை மாடலில் (ஒவ்வொருவருக்கும் தனியாகப் போடும் கணக்கு) மாஸ்கிங் த்ரெஷோல்டு, அதாவது எந்த அளவுக்குக் கீழ் மங்கினால் கழிப்பது என்ற வரம்பு, மாற்றாவிட்டால் 0.8 என்றே இருக்கும். படத்தின் சராசரியில் 80 சதவீதத்தை எட்டாத வாக்ஸலை (படத்தின் சிறு கனப்புள்ளி) எஸ்பிஎம் கழித்துவிடும். ஒருவரிடம் கழிந்தாலே போதும், குழு ஆய்வில் அந்த வாக்ஸல் எல்லோருக்கும் போய்விடும். இருபது பேரில் ஒருவரின் ஸ்கேன் கெட்டாலும் பாதிப்பு மொத்தத்துக்கும்தான். அதனால் முதலில் ஒவ்வொருவரின் மாஸ்க் கோப்பையும் (எந்த வாக்ஸல்கள் கணக்கில் உள்ளன என்று காட்டும் படம்) எஸ்பிஎம்மின் 'செக் ரெஜ்' வழியாக வரிசையாகப் பாருங்கள்.

த்ரெஷோல்டை மைனஸ் இன்ஃபினிட்டி ஆக்கி, எக்ஸ்பிளிசிட் மாஸ்க் (நாமே தரும் மாஸ்க்) கொடுத்ததில் ஓட்டை சரியானது. எஸ்பிஎம்மின் 'செக்மென்ட்' தரும் சாம்பல் திசு, வெண் திசு, தண்டுவடநீர்ப் படங்களை நார்மலைஸ் செய்து (பொது மூளை வடிவத்துக்குப் பொருத்தி), படங்களைக் கணக்கிடும் 'இம்கால்க்'கில் மூன்றையும் கூட்டி 0.2-க்கு மேலுள்ளதை மட்டும் வைத்தால் அதுவே மாஸ்க். மாஸ்க் கொடுக்காமல் த்ரெஷோல்டை மட்டும் இறக்கினால் மண்டைக்கு வெளியே உள்ள இரைச்சலும் உள்ளே வந்துவிடும். பழைய மாடலைச் சேமித்திருக்கும் எஸ்பிஎம் மேட் (SPM.mat) கோப்பை நீக்கி, முதல்நிலையையும் குழுநிலையையும் மறுபடி ஓட்ட வேண்டும்.

ஸ்கேனிலேயே தொலைந்த சிக்னல் இதனால் திரும்பாது. அங்கே பீட்டா மதிப்பு (மாடல் கணிக்கும் விளைவின் அளவு) கிடைத்தாலும், மூல இபிஐ படத்தில் (எஃப்எம்ஆர்ஐ எடுத்த அசல் படம்) வெளிச்சம் இருக்கிறதா என்று பார்க்காமல் நம்பாதீர்கள். மாஸ்க் பெரிதானால் எஃப்டபிள்யூஇ (பல வாக்ஸல்களைச் சோதிப்பதால் வரும் தவறான முடிவுகளைத் தடுக்கும் திருத்தம்) வரம்பும் கொஞ்சம் ஏறும். முடிவைப் பார்த்தபின் மாஸ்கை மாற்றுவது நியாயமல்ல.