இந்த நக்கலை யார் அடிக்கலாம்?

"அவங்களே அவங்களைக் கிண்டலடிச்சுக்கிறாங்க, நான் சொன்னா மட்டும் குத்தமா?" ஒரு நாட்டுக்காரர்களைப் பற்றி ஜோக் சொல்லி மாட்டிக்கொண்டவர் முதலில் சொல்லும் சமாதானம் இதுதான். முதல் தவறும் இதுதான். மாமனார் தன் வழுக்கையைத் தானே கிண்டல் செய்துகொள்வார். அதையே புது மாப்பிள்ளை சொல்லிப் பார்க்கட்டும்.

அடுத்து, "என் இந்திய நண்பரே சிரித்தாரே" என்பது. 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடரில் 1990 முதல் அபு என்றொரு கடைக்காரர் வந்தார். வாயில் நுழையாத குடும்பப் பெயர், ராகம் போட்ட இந்திய ஆங்கிலம். குரல் கொடுத்த ஹாங்க் அசாரியா இந்தியர் அல்ல. அபுவை ரசித்த இந்தியர்கள் நிறையப் பேர், பொய்யில்லை. சென்னையில் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அபு வெறும் தமாஷ். தெருவில் இறங்கினால் அபு மாதிரி இல்லாத ஆயிரம் இந்தியர்கள். அமெரிக்காவில் வகுப்புக்கு ஒரே இந்தியப் பிள்ளையாகப் படித்தவருக்கோ அதுவே பட்டப்பெயர். அன்றைக்கு அங்கே டிவியில் வேறு இந்தியரைக் காண்பதே அபூர்வம். அப்படி வளர்ந்த நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017இல் இதைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். 2020இல் அசாரியா அந்தக் குரலைக் கைவிட்டார். நண்பர் சிரித்தார், சரி; எங்கே உட்கார்ந்து சிரித்தார்?

அதற்காக, அந்த நாட்டில் பிறந்தவருக்கெல்லாம் முழு உரிமை என்று முடிவு கட்டுவதும் தவறு. சர்தார்ஜி ஜோக் சொல்பவரும் இந்தியர்தான், கேட்பவரும் இந்தியர்தான். ஆனால் சீக்கியர்கள் நாட்டில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அந்த ஜோக்குகளுக்குத் தடை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மக்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் நெறிமுறை வகுக்க முடியாது என்று 2017இல் பதில் வந்தது. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஆனால் தடை இல்லை என்பதை அனுமதி என்று படிப்பவர்களை என்ன செய்வது?

பிறப்பைக் கேட்பதைவிட, எதிராளி அதே வேகத்தில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் இது ஊரறிந்த வழக்கம். ட்ரவோரே குடும்பப் பெயர்க்காரர் ஜாரா குடும்பப் பெயர்க்காரரைச் சந்தித்தால், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், "பயறு தின்னி, நீ என் அடிமை" என்று ஆரம்பிப்பார். ஜாராவும் அதையே திருப்பிச் சொல்வார். கோபப்படக் கூடாது என்பது முறை, நம் ஊரில் மாமன் மச்சான் கேலி மாதிரி. அபுவால் அப்படித் திருப்பிச் சொல்ல முடியாது. அவருக்கு வசனம் எழுதுவதும் எதிராளிதான்.

கடைசித் தவறு, இதெல்லாம் அடுத்தவர் செய்வது என்று நினைப்பது. வடக்கே யாராவது 'மதராசி' என்றால் நமக்குப் பொத்துக்கொண்டு வரும். நம் படங்களில் வட்டிக்கடை சேட்டு "நம்பள்கி, நிம்பள்கி" என்று பேசியபோது நானும் விழுந்து விழுந்து சிரித்தவன்தான். சௌகார்பேட்டையில் பிறந்து, நம்மைப் போலவே தமிழ் பேசும் மார்வாடிப் பிள்ளைகளும் அதே தியேட்டர்களில்தான் படம் பார்த்தார்கள்.