ஆழத்துப் பவளமும் மேல்மட்டப் பவளமும் ஒரே கூட்டமா? டிஎன்ஏ-வில் பார்க்கும் முறை

கடல் சூடேறி மேல்மட்டப் பவளங்கள் வெளுத்துச் செத்தாலும், 30 மீட்டருக்குக் கீழே பிழைத்திருப்பவை லார்வாக்களை (நீரில் மிதந்து போகும் பவளக் குஞ்சுகளை) மேலே அனுப்பி இடத்தை நிரப்பிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நீங்கள் ஆராயும் இனத்துக்கு அது பொருந்துமா என்று சோதிக்க முடியும். ஆய்வகத்தில் என் வேலையே இதுதான். ஆனால் ஆய்வகத்தில் சரிசெய்ய முடியாத கோளாறெல்லாம் கடலிலேயே நடந்துவிடுகிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பவளத் திட்டில் 10 மீட்டரிலும் வேறொரு திட்டில் 40 மீட்டரிலும் மாதிரி எடுக்காதீர்கள். வரும் வித்தியாசம் ஆழத்தாலா தூரத்தாலா என்று எந்த மென்பொருளும் பிரித்துச் சொல்லாது. மூன்று நான்கு திட்டுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் அதே இரண்டு ஆழங்களில், ஆழத்துக்கு 20 முதல் 30 காலனிகளிலிருந்து (ஒன்றாகச் சேர்ந்து வளர்ந்த ஒரு பவளம்தான் ஒரு காலனி) மாதிரி எடுங்கள். காலனிகளுக்கு நடுவே சில மீட்டர் இடைவெளி விடுங்கள்; உடைந்து விழுந்த துண்டு பக்கத்திலேயே ஒட்டி வளர்ந்தால் அது அதே பவளத்தின் நகல்தான்.

ஆழத்தில் முதலில் எடுத்துவிட்டு மேலே வருவதே பாதுகாப்பு. 40 மீட்டரில் நைட்ரஜன் மயக்கம் (அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜனால் வரும் போதை போன்ற மந்தம்) சிலருக்கு நன்றாகவே ஏறும், அங்கே போய் எண் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். பைகளுக்குப் படகிலேயே எண் போட்டுவிடுங்கள். நகத்தளவு துண்டு போதும். 95 சதவீத எத்தனாலில் போட்டு, மறுநாள் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். பவளத்தின் நீரும் சளியும் முதல் எத்தனாலை நீர்த்துப்போகச் செய்துவிடும். கல் பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், மாதிரி எல்லை தாண்டுவதாக இருந்தால் அனுமதிச் சீட்டை முன்பே வாங்குங்கள்.

அப்புறம் ஆய்வகம். சில மாதிரிகளின் டிஎன்ஏ-வை வேண்டுமென்றே இரண்டு தடவை வரிசைப்படுத்துங்கள், அதாவது அதன் எழுத்து வரிசையை இரண்டு தடவை படித்தெடுங்கள். ஒரே காலனியின் இரண்டு தரவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று தெரிந்தால்தான், நகல்களை நீக்க எங்கே கோடு போடுவது என்பது தெரியும். பவளத்துக்குள் வாழும் நுண்பாசியின் டிஎன்ஏ-வும் கலந்தே வரும். பவளத்தின் மரபணுத்தொகுதியோடு பொருந்துவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாசி ஆழத்துக்கு ஆழம் மாறுவதைப் பவளம் மாறுவதாக எண்ணிவிடுவீர்கள்.

இனி நிதானமாகச் செய்ய வேண்டிய இடம். முதன்மைக் கூறு வரைபடத்தில் (மரபணு ஒத்த காலனிகள் பக்கத்தில் பக்கத்தில் புள்ளிகளாக விழும் படம்) புள்ளிகள் இரண்டு கும்பலாகப் பிரிந்ததும் ‘ஆழம் பிரித்துவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு கும்பலும் ஒரே ஆழத்தில் கலக்காமல் அடுத்தடுத்து வாழ்கின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் அவை பெரும்பாலும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் வேறு வேறு இனங்கள். பாக்கிசெரிஸ் ஸ்பெசியோசா என்ற பவளத்தில் இதுதான் தெரியவந்தது: ஒரே பெயருக்குள் பல மறைவான வம்சங்கள், ஒவ்வொரு வம்சத்துக்குள்ளும் ஆழத்தால் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே கும்பல்களைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டு, அதற்குள் ஆழங்களை ஒப்பிடுங்கள்.

ஒரு இனத்தின் விடையை இன்னொன்றுக்கு ஒட்டவும் முடியாது. 2017-இல் வெளியான பெர்முடா ஆய்வில் அகரிசியா ஃப்ராஜிலிஸ் என்ற பவளம் மேலும் கீழும் தெளிவாகப் பிரிந்திருந்தது. அதே திட்டுகளில் ஸ்டெஃபனோசீனியா இன்டர்செப்டா என்ற இன்னொரு பவளம் பிரியவில்லை. முன்னது லார்வாவை உடலுக்குள் வளர்த்து விடுவது, பின்னது முட்டையையும் விந்தையும் நீரில் விடுவது.

சரி, எஃப்எஸ்டி மதிப்பு (இரண்டு கூட்டங்களும் மரபணுவில் எவ்வளவு பிரிந்திருக்கின்றன என்பதன் அளவு; 0 என்றால் பிரிவே இல்லை) குறைவாக வந்தது, இரண்டு ஆழமும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். அதனால் கீழிருப்பவை மேல்மட்டத்தைக் காப்பாற்றிவிடுமா? எளிமையான கணக்கில், தலைமுறைக்குப் பத்து லார்வாக்கள் வந்து பிழைத்து இனப்பெருக்கம் செய்தாலே எஃப்எஸ்டி சுமார் 0.024-க்கு இறங்கிவிடும். மரபணுக்கள் கலந்திருக்க அந்தப் பத்து போதும், செத்த திட்டை மறுபடி மூட அது எந்த மூலைக்கு? மீட்சியைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் புதிதாக ஒட்டிய சின்னப் பவளங்களையும் சேர்த்து எடுத்து, பெற்றோரைத் தேட வேண்டும். அதற்கு இரண்டு ஆழத்திலும் வளர்ந்த காலனிகளை முடிந்த அளவு எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும், 30 காலனிகளோடு நிறுத்த முடியாது.