தியென்ஹோங்: கொதிக்க விடாமல் ஒரு தேநீர்

பால், சர்க்கரை, இஞ்சி மூன்றையும் எடுத்துவிட்டால் தேநீரில் என்ன மிஞ்சும் என்று கேட்பவர்களுக்கு நான் சீனத்தின் யுன்னான் மாகாணத்துக் கருந்தேயிலையான தியென்ஹோங்கைத்தான் கொடுப்பேன். சீனக் கருந்தேயிலைகளில் கீமன் இன்னும் நுட்பமானது என்றாலும், நேரம் சற்றுப் பிசகினாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். லப்சாங் சூச்சோங்கின் பழைய வகை பைன் மரப் புகையில் உலர்த்தப்படுவதால், புகை மணம் பிடித்தவர்களுக்கு மட்டுமே ஒத்துவரும். தியென்ஹோங் தொடக்கக்காரர்களின் கைப்பிசகைப் பொறுத்துக்கொள்ளும்.

யுன்னானில் வளரும் பெரிய இலைச் செடி, அசாம் தேயிலையின் அதே வகை. ஆனால் அங்கே கருந்தேயிலைத் தயாரிப்பு காலூன்றியது 1938க்குப் பிறகுதான். ஜப்பானுடனான போரால் கிழக்குச் சீனத்தின் தேயிலை ஏற்றுமதி தடைபட்டதால், வேறு இடம் தேடி ஃபெங் ஷாவோச்சியு என்ற தேயிலை வல்லுநர் அனுப்பப்பட்டார். அவர் போய்ச் சேர்ந்த ஷுன்னிங்குக்கு இன்று ஃபெங்சிங் என்று பெயர். நல்ல தியென்ஹோங் பொதிகளில் இந்தப் பெயரைப் பார்க்கலாம்.

வாங்கும்போது பொதியில் ‘ஹோங் சா’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்; கருந்தேயிலைக்குச் சீனத்தில் அதுதான் பெயர். ‘ஹெய் சா’ என்பது நுண்ணுயிர்களால் புளிக்கவைக்கப்படும் வேறொரு வகை. இலை நீளமாக, முறுக்கி, முழுசாக இருக்க வேண்டும். பொதியின் அடியில் தூள் குவிந்திருந்தால் வாங்காதீர்கள். பொன்னிறமாகத் தெரிபவை மெல்லிய ரோமம் படர்ந்த மொட்டுகள். பொன் நிறம் கூடக் கூட விலையும் ஏறும், சுவை அதே அளவில் ஏறாது. மொட்டு மட்டுமே உள்ள ரகம் தேன்போல் மென்மையாக இருக்கும்; மொட்டும் இலையும் கலந்ததில்தான் வாயை நிறைக்கும் கனம் இருக்கிறது. முதலில் கலந்ததையே வாங்குங்கள். ஜின் ஜுன் மெய் என்ற மொட்டுக் கருந்தேயிலையின் பெயரில் மலிவாகக் கிடைப்பதை நம்ப வேண்டாம். அது 2005இல் ஃபூஜியான் மாகாணத்தின் தோங்மு கிராமத்தில் உருவானது. அந்தச் சிறிய ஊரின் விளைச்சல் உலகச் சந்தைக்கெல்லாம் போதாது.

கருவிகளில் அவசியமானது கைவான் என்ற மூடியிட்ட பீங்கான் கிண்ணம். 100 முதல் 120 மில்லி பிடிப்பது போதும். வெள்ளைப் பீங்கானாகவே வாங்குங்கள். கண்ணாடிக் கைவான் அழகாக இருக்கும், விரல் சுடும். களிமண் கெண்டி இப்போதைக்கு வேண்டாம், அது மணத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெப்பமானியும் தேவையில்லை. ஆனால் கிராமின் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் சிறிய எடை இயந்திரம் வேண்டும். நீண்ட இலையில் ஒரு கரண்டியும் மொட்டில் ஒரு கரண்டியும் ஒரே எடை இல்லை. வடித்த தேநீரைப் பிடிக்க எந்தக் கண்ணாடிக் குவளையும் உதவும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் திறந்து வையுங்கள். 95 டிகிரிக்கு அருகில் வந்துவிடும். கொதிநீரால் கைவானைச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, ஈரச்சூட்டோடு இருக்கும்போதே 5 கிராம் இலையைப் போட்டு மூடி ஒருமுறை குலுக்குங்கள். மூடியைச் சற்றே திறந்து மணத்தைப் பிடியுங்கள். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மணம் வந்தால் நல்ல சரக்கு. முதல் நீரை இலையைக் கழுவக் கொட்டிவிடச் சொல்பவர்கள் உண்டு. கருந்தேயிலைக்கு அது வீண். முதல் வடிப்பில்தான் மணமே அதிகம்.

இனி எல்லோரும் தடுமாறும் இடம். நம் வீட்டுத் தூள் பெரும்பாலும் சி.டி.சி. இயந்திரத்தில் நசுக்கிக் கிழிக்கப்பட்டது. அது கொதிநீர் பட்டதும் எல்லாச் சாற்றையும் விட்டுவிடும். பாலைத் தாங்க அந்த வேகம் தேவை. முழு இலை தவணை தவணையாகத்தான் விடும். ஆகவே நீர் ஊற்றிப் பத்து விநாடி ஊறவிட்டு, முழுவதையும் வடித்து, மறுபடி நீர் ஊற்ற வேண்டும். ‘முழுவதையும்’ என்பதுதான் இங்கே உயிர். அடியில் இரண்டு கரண்டி நீர் தங்கினாலும் இலை அதில் ஊறிக்கொண்டே இருக்கும். அடுத்த வடிப்பு துவர்த்துப்போகும். அப்போது இலையின் மேல் பழி போடாதீர்கள்.

முழுவதும் வடியாததற்குப் பெரும்பாலும் விரல் சுடுவதே காரணம். சுடுவதற்கோ, நீரை விளிம்புவரை நிரப்புவது காரணம். கிண்ணத்தின் வாய் வெளிப்புறமாக விரியத் தொடங்கும் இடத்தோடு நிறுத்துங்கள். மூடியைச் சற்றே சாய்த்து, நீர் போகுமளவு மட்டும் இடுக்கு விடுங்கள். கட்டைவிரலும் நடுவிரலும் விரிந்த விளிம்பின் இரு ஓரங்களில், ஆள்காட்டி விரல் மூடியின் குமிழில். கிண்ணத்தின் வயிற்றைத் தொடாதீர்கள். பிறகு தயங்காமல், வாய் நேராகக் கீழ்நோக்கும்வரை ஒரே மூச்சில் கவிழ்க்க வேண்டும். மெல்லச் சாய்த்தால் ஆவி விரலில் அடிக்கும். கை தானாகவே பின்வாங்கும். கடைசிச் சொட்டுக்கு இரண்டு உதறல் கொடுங்கள். பச்சைத் தண்ணீரில் நாலைந்து தரம் பழகிவிட்டு அடுப்புப் பக்கம் போவது நல்லது. வடித்ததும் மூடியை எடுத்து வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இலை தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது வடிப்புக்கும் பத்து விநாடி. அதன்பின் ஒவ்வொன்றுக்கும் ஐந்து, பத்து விநாடி கூட்டிக்கொண்டே போனால் ஆறு, ஏழு வடிப்புகள் தாராளமாக வரும்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் கேட்டவற்றில் சில. தேநீரின் மேல் ஆடை படிகிறது, நிறம் மங்குகிறது என்றால் இலையைச் சந்தேகிக்க வேண்டாம். நீரின் கடினத்தன்மைதான் காரணம். ஆழ்துளைக் கிணற்று நீர் இதற்கு உதவாது. உப்பு முழுவதும் நீக்கிய நீரிலும் சுவை சப்பென்று இருக்கும், அதோடு கொஞ்சம் குழாய்நீர் கலந்து பாருங்கள். ஆறியபின் தேநீர் கலங்குவது வேறு விஷயம். காஃபீனும் தேயிலையின் நிறப்பொருள்களும் குளிரில் ஒட்டிக்கொள்வதால் வருவது, சூடாக்கினால் தெளிந்துவிடும். உதகையில் இருப்பவர்கள் நீரை ஆறவைக்கவே கூடாது, அந்த உயரத்தில் நீர் கொதிப்பதே 92, 93 டிகிரியில்தான்.

கைவான் இல்லாதவர்கள் 3 கிராம் இலைக்கு 250 மில்லி நீர் ஊற்றி, மூன்று நிமிடத்தில் வடிகட்டலாம். ஒரே வடிப்பின் சுவைதான் கிடைக்கும், ஆனால் மோசமில்லை. பால் சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாம், அதற்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை. இலையைக் காற்றுப் புகாத டப்பாவில், பெருங்காயத்துக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். லப்சாங் வாங்கினால் அதற்குத் தனி டப்பா, முடிந்தால் தனி அலமாரி.