டேட்டா சயின்ஸ் படிக்க ஆசையா? முதலில் இ-சேவை மையத்துக்குப் போங்க

பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்த பிள்ளைகளும் சென்னை ஐஐடியின் ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ் (தரவு அறிவியல்) பட்டப்படிப்பில் சேரலாம். ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம்; பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். நான்கு வாரப் பாடம், பிறகு தகுதித் தேர்வு. பாஸானால் சீட்.

கட்டணத்தைப் பார்த்து மிரள வேண்டாம். சாதிப் பிரிவு, மாற்றுத்திறன், குடும்ப வருமானம் பார்த்து 75 சதவீதம் வரை குறைக்கிறார்கள். பலர் கோட்டை விடுவது சான்றிதழில்தான். நம்மூர் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மத்திய அரசு நிறுவனத்துக்குப் போதாது; மத்திய அரசுக்கான ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். வருமானச் சான்றிதழோடு சேர்த்து இ-சேவையில் இப்போதே போட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் சர்வர் படுத்துக்கொள்ளும், தெரிந்த கதைதானே!

லேப்டாப் பழசா? பிரவுசரில் கூகுள் கோலாப் தளத்தைத் திறந்தால் போதும்; இந்தப் படிப்புக்குத் தேவையான பைத்தான் நிரல்கள் கூகுளின் சர்வரிலேயே ஓடும்.